வக்கீல் கோட்டில் பத்துக் காஜா

ராயப்பேட்டையில் காதர் பாயின் தையல் கடைக்கும் கங்காதரனின் சோடாக் கடைக்கும் நடுவே ஒரு பெஞ்சு கிடந்தது. லஸ் வாண்டரர்ஸ் பந்தாட்ட சங்கம் உண்மையில் நடந்தது அந்தப் பெஞ்சில்தான். காகிதத்தில் அது வக்கீல் கோதண்டபாணி ஐயங்காரின் வீட்டில் நடந்தது, ஏனென்றால் அவர்தான் தலைவர். புதிதாக மனை பிரித்து விற்ற தியாகராய நகரில் மாடி வைத்துக் கட்டியிருந்தார்.

ஆரம்பத்தில் எங்கள் வாதங்கள் லஸ் முனையில் ஒரு காபி கிளப்பில் நடந்தன. அங்கே அவருக்கு உள்ளே ஓர் இடம், எங்களுக்கு வெளியே ஓர் இடம். நடுவில் சுவர். வக்கீல் உள்ளேயிருந்து ஒரு கேள்வி கேட்பார். அது பரிமாறுகிறவர் வழியாக எங்களிடம் வந்து சேருவதற்குள் காபி ஆறிவிடும். கடைசியில் சோடாவுக்கு ஜாதி கிடையாது என்று அவரே ஒரு கண்டுபிடிப்புச் செய்து, பெஞ்சுக்கு வந்து சேர்ந்தார். புட்டியின் வாயை மட்டும் அங்கவஸ்திரத்தால் மூன்று முறை துடைத்துக்கொள்வார்.

1934-ஆம் வருஷம் ஆடி மாதம் முழுவதும் அந்தப் பெஞ்சில் ஒரே வாதம். ஆட்டம் நெருக்கடியில் இருக்கும்போது கோச்சு என்பவன் நிதானமாக இருக்கிறானா, இல்லையா?

பொதுவாகக் கேட்கப்பட்டாலும் கேள்வி காதர் பாயைப் பற்றியதுதான். ஒன்பது வருஷமாக எங்கள் டீமுக்கு அவர்தான் கோச்சு. விடியற்காலை ஐந்து மணிக்கு சாந்தோம் கடற்கரையில் ஆட்களைச் சேர்த்து ஓடவிட்டு, ஏழு மணிக்குக் கடை திறந்துவிடுவார். ஆட்களும் அப்படித்தான். தேசப்பன் கட்டுமரத்தில் போகிறவன், கோல் காக்கிற சுப்பராயன் டிராம் கண்டக்டர். ஐந்து மணியை விட்டால் அவர்களுக்கு வேறு மணி இல்லை. எல்லாரும் வெறுங்காலால் ஆடுகிறவர்கள்.

பந்தயத்தன்று காதர் பாய் கடையை மூடிவிடுவார். ஆனால் நாள் சொல்லி வாங்கிய வேலை எதுவோ அது அவருடன் மைதானத்துக்கு வரும். எல்லைக்கோட்டின் பக்கத்துக் கட்டையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து காஜா எடுப்பார். பொத்தான் துளையைச் சுற்றி ஊசியால் ஒவ்வொரு இழையாக முடிச்சுப் போட்டுக்கொண்டே போகிற வேலை அது. ராயப்பேட்டையில் அவருடைய காஜாவுக்குத் தனிப் பேர். போன வருஷம் இறுதி ஆட்டத்தில் பட்டாளத்து டீம் நாலு கோல் போட்டது. நாலு கோலுக்கும் அவர் தலை நிமிரவில்லை. யாரோ ஒரு கல்யாண மாப்பிள்ளையின் சட்டை அன்றைக்கு முடிந்தது.

இதைத்தான் வக்கீல் பிடித்துக்கொண்டார். நிதானம் என்றால் என்ன என்பதை அவர் எங்களுக்குப் பலமுறை விளக்கியிருக்கிறார். பட்டாளத்து டீமின் கோச்சு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மார்பை நிமிர்த்தி, கோட்டோரம் நிற்கிறாரே அதுதான் நிதானம். துணி தைத்துக்கொண்டு உட்காருவது நிதானமல்ல, அக்கறையின்மை. தீ பிடித்த வீட்டில் தூங்குகிறவனை யாராவது தைரியசாலி என்பார்களா என்று கேட்டார். வாக்கியத்தை முடித்ததும் நாற்புறமும் பார்த்தார். கோர்ட்டாக இருந்தால் ஜட்ஜு இருந்திருப்பார். இங்கே ஒரு மாடு நின்றது.

கங்காதரன் விடவில்லை. "ஸார், அவுரு கல்லு மாதிரி ஆளு. உள்ள ஒண்ணும் ஆடாது. அத்த அக்கறயில்லன்னு சொல்றதா?"

"கல்லுன்னு நீரே ஒப்புத்துண்டாச்சு. கல்லுக்கு என்ன அக்கறை இருக்கும்?" என்றார் வக்கீல்.

கங்காதரன் ஒரு சோடாவை உடைத்து அவர் கையில் கொடுத்தான்.

வாதத்தோடு போயிருந்தால் நாங்களும் சோடாவோடு போயிருப்போம். வக்கீல் ஒரு தீர்மானம் எழுதிவிட்டார். இந்த வருஷத்து இறுதி ஆட்டம் சனிக்கிழமை. மறுநாள் காலை அவர் வீட்டில் சங்கக் கூட்டம். காதர் பாயை நீக்கிவிட்டு, பல்லாவரத்தில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த ஒரு பழைய டிரில் சார்ஜெண்டை அமர்த்துவது. சார்ஜெண்டின் நிபந்தனைகள் இரண்டு: எல்லாரும் பூட்ஸ் போட வேண்டும், பயிற்சி தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு.

நாலு மணிக்கு சுப்பராயன் டிராமில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருப்பான். தேசப்பன் வலையை உதறிக்கொண்டிருப்பான். நாலு மணிக்கு ஓய்வாக இருக்கக்கூடியவர்கள் காலேஜுப் பிள்ளைகள் மட்டுமே. அவர்களில் வக்கீலுடைய மருமான் அம்பியும் ஒருவன் என்பதை அவர் தீர்மானத்தில் குறிப்பிடவில்லை.

ஆனாலும் வக்கீல் நியாயஸ்தர். சாட்சியில்லாமல் தண்டனை கூடாது என்று அவரே சொன்னார். இறுதி ஆட்டம் முழுவதும் காதர் பாயின் முகத்தை ஒருவர் பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டும். மாற்றம் ஏதும் தென்படாவிட்டால் அக்கறையின்மை ருஜுவானதாக வைத்துக்கொள்ளலாம். அந்த வேலைக்கு என்னை நியமித்தார். நான் அச்சாபீஸில் புரூஃப் பார்க்கிறவன். உணர்ச்சியில்லாமல் ஒன்றை உற்றுப் பார்க்க எனக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள் என்று காரணம் சொன்னார். "முகத்தை மட்டும் பாரும் ஓய். ஆட்டத்தைப் பார்த்துண்டு நின்னுடாதேயும்" என்று எச்சரிக்கையும் செய்தார்.

வெள்ளிக்கிழமை மாலை நான் தையல் கடைக்குப் போய் விஷயத்தை காதர் பாயிடம் சொன்னேன். கண்காணிக்கப்படுகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவர் ஒரு கறுப்பு அல்பாகாத் துணிக் கோட்டின் முன்பக்கத்தில் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். சார்ஜெண்ட், பூட்ஸ், நாலு மணி எல்லாவற்றையும் கேட்டார்.

"நான் போனா போறேன் சார். நாலு மணின்னா இந்தப் பசங்க ஒருத்தனும் வர முடியாது. ஒம்போது வருசமா காலைல எழுப்பிக்கினு வந்தவனுங்க."

பிறகு கோட்டைத் தூக்கிக் காட்டினார். "இது வக்கீல் சாமியோடதுதான். நாளான்னிக்கு மீட்டிங்குக்குப் போட்டுக்கணுமாம். ஆறு காஜால மூணு முடிஞ்சிடுச்சு. மீதி மூணு நாளைக்கு மைதானத்துல ஆயிடும்."

தன்னை நீக்கப்போகிற கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் கோட்டை அவரே தைத்துக்கொண்டிருந்தார். நான் அவ்விடத்திலேயே குறிப்பெடுக்க ஆரம்பித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை சாந்தோம் மைதானத்தில் ஒரு மரக்கிளை காலியில்லை. பட்டாளத்துக்காரர்கள் பூட்ஸ் போட்டு, முழங்காலுக்குக் கீழே கம்பளிக் காலுறை மாட்டி நின்றார்கள். எங்கள் ஆட்கள் கணுக்காலில் பழந்துணி சுற்றியிருந்தார்கள். காதர் பாய் தம் கட்டையில் உட்கார்ந்து மடியில் கோட்டை விரித்தார். நான் அவருக்கு எதிரே, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சென்னைப்பட்டணத்தில் அந்த ஆட்டத்தைப் பின்னந்தலையால் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

வக்கீல் முன்வரிசைப் பெஞ்சில், கையில் குடையுடன், பட்டாளத்துக் கோச்சைப் போலவே மார்பை நிமிர்த்தி இருந்தார்.

என் நோட்டுப்புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. "ஐந்து மணி எட்டு நிமிஷம். பட்டாளம் கோல். முகத்தில் மாறுதல் இல்லை. ஊசியில் நூல் கோத்தார். ஐந்து பதினாறு. தேசப்பன் காலில் பூட்ஸ் அடி, கீழே விழுந்தானாம். மாறுதல் இல்லை. ஐந்து இருபத்தைந்து. கோல் கம்பத்தில் பந்து அடித்த சத்தம். யாருடைய கம்பம் என்று தெரியவில்லை. மாறுதல் இல்லை."

என் பக்கத்தில் தேசப்பனின் தாய் அந்தோணியம்மாள் காலி மீன்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். மகன் விழுந்தபோது எழுந்தாள், அவன் எழுந்தபோது உட்கார்ந்தாள். பிறகு என் நோட்டை எட்டிப் பார்த்து, இன்னா எழுதிக்கினு கீறே என்று கேட்டாள். சொன்னேன்.

"மூஞ்சில இன்னா தெரியும் நைனா? கடலுக்குப் போறவனும் மூஞ்சிய நல்லாத்தான் வச்சிக்கினு போவான். கையப் பாரு."

கை என் அதிகாரத்தில் இல்லை. உத்தரவு முகத்துக்குத்தான். புரூஃப் பார்க்கிறவனும் அப்படித்தான். கொடுத்த பக்கத்தைத் தவிர மற்றது அவன் பொறுப்பல்ல.

இடைவேளையில் ஆட்கள் வந்து அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தேசப்பனின் முன்னங்கால் வீங்கியிருந்தது. அவன் உதடு துடித்தது; இனி முடியாது, வேறு ஆளை இறக்குங்கள் என்றான். வக்கீல் அங்கே வந்து நின்று வீரத்தைப் பற்றி ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் சொன்னார். காதர் பாய் அவர் முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு கடையில் அளவு எடுக்கும்போது பேசுகிற அதே குரலில் பேசினார்.

"எடது ஓரம் பாத்தியா? மணலு ஏறிக்கீது. பூட்ஸு போட்டவன் அங்க ஓடி வந்துடுவான், வந்தா திரும்ப முடியாது. உனக்கு மணலு புதுசா? அந்தாண்ட ஒரு பந்து வரும். ஒண்ணே ஒண்ணு. அதுக்கு மட்டும் ஓடு, மத்ததுக்கு நட."

தேசப்பன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். உதடு நின்றது. தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து போனான்.

தலை நிமிராதவர் என்று நாங்கள் ஒரு மாதமாக வாதாடிய மனிதர், மைதானத்தின் மணலைக்கூடப் பார்த்து வைத்திருந்தார். இதை நோட்டில் எழுத இடம் தேடினேன்; முகத்துக்கான பத்தியில் அது சேரவில்லை.

ஐந்து ஐம்பதுக்கு அந்த ஒரு பந்து வந்தது. என் முதுகுக்குப் பின்னால் கடல் எழுந்த மாதிரி ஒரு சத்தம் கிளம்பியது. அந்தோணியம்மாள் கூடையோடு எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். ஆளுக்கு ஒன்று, சமம். காதர் பாய் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். மாறுதல் இல்லை என்று எழுதினேன்.

ஆட்டம் முடிய நாலு நிமிஷம் இருக்கும்போது ரெஃபரியின் விசில் நீளமாக ஊதியது. எங்களுக்கு எதிராகப் பெனால்டி. அதற்குப் பிறகு நடந்ததை நான் திரும்பித்தான் பார்த்தேன், ஒப்புக்கொள்கிறேன். திரும்பாமலிருக்க முடியவில்லை, ஏனென்றால் வக்கீல் கோதண்டபாணி ஐயங்கார் பெஞ்சின்மேல் ஏறி நின்றிருந்தார்.

பெஞ்சு ஒருபக்கம் சாய்ந்தது. அவர் சாய்ந்த பக்கமாகவே இறங்கி, குடையை நீட்டியபடி மைதானத்துக்குள் ஓடினார். இருபது வருஷத்துச் சட்ட ஞானம் பெஞ்சிலேயே தங்கிவிட்டது. ஓடியது வீட்டுத் தமிழ் மட்டும். "ஏண்டா, அவன் தானாத்தானே விழுந்தான். நான் பார்த்துண்டுதானே இருக்கேன்" என்றார் ரெஃபரியிடம். வெள்ளைக்கார ரெஃபரி அவரை ஏறஇறங்கப் பார்த்தார். குடுமி அவிழ்ந்திருந்தது. ஒரு காலில் செருப்பில்லை. இந்த டீமின் கோச்சு நீதானா என்று ரெஃபரி ஆங்கிலத்தில் கேட்டார். இப்படிப் பதறுகிற ஆள் கோச்சாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் அனுபவம் போலும்.

வக்கீல் திகைத்தார். பிறகு குடையைத் திருப்பி, கோட்டோரம் கட்டையில் உட்கார்ந்திருந்தவரைக் காட்டினார். "நோ ஸார். ஹீ இஸ் தி கோச்" என்றார். ஆயிரம் பேர் முன்னிலையில் கொடுத்த வாக்குமூலம் அது.

அவரை இருவர் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்தார்கள். கோல் கம்பங்களுக்கு நடுவே சுப்பராயன் தனியாக நின்றான். அவன் பந்தைப் பார்க்கவில்லை. பட்டாளத்துக்காரனைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி காதர் பாயைப் பார்த்தான். காதர் பாய் அவனைப் பார்த்தார். கூப்பிட்ட வாடிக்கைக்காரருக்கு ‘இருங்கள், வருகிறேன்’ என்று சொல்வதுபோல் லேசாகத் தலையசைத்தார், அவ்வளவுதான். சுப்பராயன் திரும்பி, உள்ளங்கைகளைத் தொடையில் துடைத்துக்கொண்டான். அடித்த பந்து அவன் வலக்கையில் பட்டு வெளியே போனது.

ஆட்டம் சமமாகவே முடிந்தது. கோப்பை ஆளுக்கு ஆறு மாதம் என்றார்கள். காசு சுண்டியதில் முதல் ஆறு மாதம் பட்டாளத்துக்கு விழுந்தது. ஆக, ஜெயித்தோம் என்று சொல்லி காதர் பாயைக் காப்பாற்றும் வழியும் அடைபட்டது. என் நோட்டில் பதினான்கு இடத்தில் ‘மாறுதல் இல்லை’ இருந்தது. பதினான்கும் வக்கீல் தரப்புச் சாட்சி.

ஞாயிற்றுக்கிழமை காலை தியாகராய நகர் வீட்டின் கூடத்தில் முப்பது பேர் ஜமக்காளத்தில் உட்கார்ந்தோம். தேசப்பனும் சுப்பராயனும் கதவோரம் நின்றார்கள். வக்கீல் குடுமியைக் கூடுதல் இறுக்கமாக முடிந்துகொண்டு வந்தார். நேற்று நடந்தது எதுவும் நடக்கவில்லை என்பதுபோல் என் நோட்டைக் கேட்டார். "மாறுதல் இல்லை, மாறுதல் இல்லை" என்று பதினான்கு தடவையும் படித்தார். கங்காதரன் தலையைக் குனிந்துகொண்டான். சுப்பராயன் தேசப்பனின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

அப்போது காதர் பாய் வந்தார். கையில் துணியில் சுற்றிய கோட்டு. கூடத்துக்கு வெளியிலேயே நின்றார்.

"சாமி, ஒரு தப்பு ஆயிடுச்சு. இருவது வருசத் தொழில்ல இதான் மொதல் தடவ. துணி கெட்டுப்போச்சு. ஒரு வாரம் டைம் குடுங்க, புதுசா தெச்சிக் குடுத்துர்றேன்."

வக்கீல் கோட்டைப் பிரித்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அடுத்தபடியாக, விரலை வைத்து எண்ண ஆரம்பித்தார்.

பொத்தான் ஆறு. காஜா பத்து.

மூன்று முன்பே முடிந்தவை. மைதானத்தில் எடுக்க வேண்டியவை மூன்று. அந்த மூன்று முடிந்த பிறகும் அவர் கத்தரிக்கோலை வைத்துத் துளை போட்டு, சுற்றிலும் காஜா எடுத்து, மறுபடி துளை போட்டு, மறுபடி காஜா எடுத்து, தேவையேயில்லாத நாலு காஜாவை நல்ல அல்பாகாவில் வரிசைக்கு நடுநடுவே தைத்து வைத்திருந்தார். கூடத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து பார்த்தார்கள். முதலில் எடுத்த ஐந்தும் அச்சடித்த மாதிரி இருந்தன. ஆறாவதில் இழை கொஞ்சம் நெருங்கியிருந்தது. எட்டாவது கோணல். பத்தாவதின் ஓரத்தில், கறுப்புத் துணியிலும் தெரிகிற மாதிரி, உலர்ந்த ரத்தம் ஒரு சொட்டு. ஊசி விரலுக்குள் போயிருக்கிறது. நான் என் நோட்டைப் பார்த்தேன். பெனால்டி நேரம். "மாறுதல் இல்லை."

கங்காதரன் முகம் வெளுத்துவிட்டது. அவனுடைய கல் உடைந்துபோனது. நிதானம் இல்லை என்று இப்போது எழுத்துமூலமாகவே ருஜுவாகிவிட்டது என்று அவன் நினைத்தான்.

"என்ன ஆச்சு உமக்கு?" என்றார் வக்கீல். குறுக்கு விசாரணைக் குரலில் அவர் அதைக் கேட்கவில்லை.

காதர் பாய் கட்டைவிரலைத் தடவிக்கொண்டார்.

"பசங்க பாக்குறது மூஞ்சியத்தான், சாமி. அத்த நான் புடிச்சி வச்சிக்குவேன். கை எங்க போச்சுன்னு எனக்கே தெரியல. ராத்திரி பொத்தான் வெக்கும்போதுதான் பாத்தேன்."

ஒரு மாதமாக நாங்கள் அவரை இரண்டாக வெட்டி ஆளுக்கு ஒரு பாதியை வைத்துக்கொண்டு சண்டை போட்டிருக்கிறோம். வக்கீலின் பாதிக்கு அக்கறை கிடையாது. கங்காதரனின் பாதிக்கு பயம் கிடையாது. முழு மனிதர் கையில் துணியோடு வாசலில் நின்றார். அவ்வளவு பயமும் அவ்வளவு அக்கறையும் ஒரு சாண் அகலத் துணிக்குள் அடங்கியிருந்தன; ஒரு சொட்டுக்கூட கழுத்துக்கு மேலே ஏறவில்லை. மீன்கூடை மேல் உட்கார்ந்திருந்தவள் எனக்கு இதை இனாமாகவே சொல்லியிருந்தாள்.

வக்கீல் தீர்மானக் காகிதத்தை எடுத்தார். இரண்டாவது வரியில் ‘அக்கறையின்மை’ என்ற சொல் இருந்தது. அதையும் கோட்டையும் மாறிமாறிப் பார்த்தார். அவரைப் பற்றி நான் எத்தனையோ சொல்லிவிட்டேன். இதையும் சொல்ல வேண்டும். சாட்சியம் தம் கட்சிக்கு எதிராக இருக்கும்போது அதைச் சாட்சியம் என்று ஏற்றுக்கொள்கிற வக்கீல்கள் மிகக் குறைவு. அவர் காகிதத்தை நாலாக மடித்தார். கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

பொத்தான்களை மாட்டத் தொடங்கினார். பத்துத் துளையில் ஆறைத் தேடிப் பிடிக்க வேண்டுமே. இரண்டை மாற்றி மாட்டிவிட்டார். ஒரு தோள் ஏறி, ஒரு தோள் இறங்கி நின்றது. அந்தக் கோலத்தில் சங்கத்தின் கோச்சு நிதானமானவர் என்று தாம் ஆரம்பத்திலிருந்தே கருதிவந்ததாக முக்கால் மணி நேரம் பேசினார். சார்ஜெண்டின் பெயர் வரவில்லை. பயிற்சி வழக்கம்போல் காலை ஐந்து மணிக்கே என்று முடித்தார். தேசப்பன் கொட்டாவி விட்டான். விடிய விடியக் கடலில் இருந்துவிட்டு வந்தவன்.

காதர் பாய் கிளம்பும்போது கோட்டைக் கழற்றிக் கொடுக்கும்படி மறுபடி கேட்டார். முன்பக்கத்தை மட்டும் மாற்றிவிடலாம் என்றார். வக்கீல் கொடுக்கவில்லை.

"இருக்கட்டும். இது ஆவணம்" என்றார். ஐகோர்ட்டுக்குக்கூட அதையே போட்டுக்கொண்டு போனார். ஆவணத்தை எத்தனை பேருக்குப் படித்துக் காட்டினார் என்பது எனக்குத் தெரியாது.

அடுத்த ஆட்டம் புரட்டாசியில் வந்தது. பத்துக் காஜாக் கோட்டைப் போட்டுக்கொண்டு, குடையை வீட்டில் வைத்துவிட்டு, வக்கீல் வந்தார். முன்வரிசைப் பெஞ்சுக்குப் போகவில்லை. காதர் பாயின் கட்டைக்குப் பக்கத்தில் ஜமக்காளத்தை மடித்துப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார். விசில் ஊதியதும் மெல்லக் கையை நீட்டினார்.

"பாய், எனக்கும் ஏதாவது குடுமேன்."

காதர் பாய் ஒன்றும் கேட்கவில்லை. ஓர் ஊசியும் ஒரு முழம் வெள்ளை நூலும் கொடுத்தார். வக்கீல் மூக்குக்கண்ணாடியை இறக்கிவைத்து, நூல் நுனியை நாக்கில் நனைத்து, ஊசிக்காதை வானத்துக்கு எதிரே பிடித்தார். நூலைக் கோத்து முடிக்க அவருக்கு இடைவேளை வரை பிடித்தது. அதற்குள் எதிர்த்தரப்பு இரண்டு கோல் போட்டிருந்தது. அவர் ஒன்றையும் கவனிக்கவில்லை.